வண்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கக் கூடாது

செல்லூர், மதுரை
புரட்டாசி மூன்றாம் சனி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. மாப்பிள்ளை வேலையாக மூன்று வாரம் வெளியூர் போகிறார், அதற்குள் மினசோட்டாவில் உறைபனி விழுந்துவிடும், குழாயும் டாய்லெட்டும் உள்ள அந்தப் பயண டிரெய்லரை இந்த வருஷம் குளிர்காலத்துக்கு நானே மூடி வைக்கிறேன் என்றாய். தாராளமாகச் செய்யலாம். ஆனால் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அம்மா படம் எடுத்து அனுப்புவாள். கையில் வைத்துக்கொண்டு செய்.

மே மாதம் நான் அங்கே இருந்தபோது நடந்தது நினைவிருக்கும். டேங்கை நிரப்பி பம்ப்பைப் போட்டோம். பம்ப் நிற்கவே இல்லை. சோஃபாவுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடி வந்தது. பம்ப்புக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கிண்ணம் கீறிப் போயிருந்தது, வெளி ஷவரின் குழாயும் உள்ளே பிளந்திருந்தது. மாப்பிள்ளை மேல் குறை சொல்லவில்லை. டேங்கைக் காலி செய்தால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். டேங்க் காலிதான். பைப்பில் நின்ற தண்ணீர் அப்படியே இருந்துவிட்டது.

நீ நாலாவது படிக்கும்போது சித்திரை வெயிலில் பன்னீர் சோடா பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி ஃப்ரீஸரில் வைத்தாய். காலையில் பாட்டில் இரண்டாக வெடித்துக் கிடந்தது, அம்மா கையைக் கீறிக்கொண்டாள். அதேதான் இது. 100 லிட்டர் தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 109 லிட்டர் இடம் கேட்கும். ஐஸ் பிடித்த இடத்தில்தான் பைப் உடையும் என்று நினைத்துவிடாதே. ஐஸ் ஒரு பக்கம் அடைத்துக்கொள்ளும், மறுபக்கம் மூடிய குழாய் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய தண்ணீர் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறி, எது பலவீனமோ அதை உடைக்கும். உன் வண்டியில் ஓடுவது பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் பைப். அது கொஞ்சம் விரிந்து கொடுக்கும். எல்போ என்கிற வளைவு இணைப்பு, பம்ப் கிண்ணம், டாய்லெட் வால்வு, குழாயின் உள்பாகம், இவையெல்லாம் கொடுக்காது. குழாய்களைத் திறந்தே வை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

முப்பத்தைந்து வருஷம் பைப் வேலை பார்த்தவன் நான். சணலும் வெள்ளை லெட்டும் சுற்றி ஜி.ஐ. பைப் மாட்டிய காலத்திலிருந்து சி.பி.வி.சி. வரை பார்த்தாயிற்று. இந்த ஊரில் தண்ணீரைக் கொண்டு வருவதுதான் பாடு. கார்ப்பரேஷன் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருந்த தெருக்களில்தான் வேலை செய்தேன். தண்ணீரை விரட்டுகிற வேலையை அங்கே வந்து உன் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் கற்றுக்கொண்டேன். உறைபனி என்று நான் கண்ணால் பார்த்தது கொடைக்கானலில் தை மாதக் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருந்ததுதான். அது வெயில் ஏறினால் போய்விடும். உங்கள் ஊரில் 1996 பிப்ரவரியில் டவர் என்ற இடத்தில் மைனஸ் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது என்று நீதான் சொன்னாய். அப்படிப்பட்ட ஊரில் ஒரு எல்போவுக்குள் நிற்கும் கைப்பிடித் தண்ணீரும் ஆபத்துதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கழிவு டேங்குகள். டாய்லெட் டேங்கை முதலில் திற, குளியலறை, சிங்க் தண்ணீர் டேங்கை அப்புறம் திற. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இதைக் கழிவு இறக்கும் நிலையத்தில்தான் செய்ய வேண்டும். குடிதண்ணீர் ஃபில்டரின் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றித் தூக்கிப் போடு.

அடுத்து கீசர். இதில் மட்டும் அவசரப்படாதே. கேஸ், கரண்ட் இரண்டையும் முந்தின நாள் ராத்திரியே அணைத்துவிடு. காலையில் ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பார், தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். பம்ப்பும் வெளித் தண்ணீரும் நிறுத்தியிருக்க வேண்டும். அப்புறம் கீசரின் மேலே இருக்கும் பிரஷர் வால்வின் கைப்பிடியைத் தூக்கி அழுத்தத்தை வெளியே விடு. அதற்குப் பிறகுதான் கீழே இருக்கும் ப்ளக்கைக் கழற்ற வேண்டும். சூடாகவோ அழுத்தத்தோடோ இருக்கும்போது கழற்றினால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். நேராக எதிரே நிற்காதே, பக்கவாட்டில் நில். ப்ளக்கோடு நீளமாக ஒரு கம்பி வரும். அது ஆனோடு. டேங்கின் இரும்பு அரிக்காமல் இருக்க, அதற்குப் பதில் தான் அரிபடுவதற்காக வைத்தது. மே மாதமே பாதி தின்றுபோயிருந்தது. முக்கால் பாகம் போயிருந்தால் புதிது வாங்கிக்கொள். நமக்கு 27 எம்.எம். பாக்ஸ் ஸ்பானர், அங்கே 1 1/16 அங்குலம் என்று கேட்க வேண்டும்.

அடுத்து நல்ல தண்ணீர் டேங்கின் டிரெய்ன் வால்வைத் திற. வண்டிக்கு அடியில் இரண்டு சின்னக் குழாய்கள் தொங்கும், ஒன்று சுடுதண்ணீருக்கு, ஒன்று பச்சைத் தண்ணீருக்கு. பைப் ஓட்டத்தில் மிகத் தாழ்வான இடம் அதுதான். இரண்டின் மூடியையும் கழற்று. உள்ளே உள்ள எல்லாக் குழாய்களையும், வெளி ஷவரையும் திறந்து வை. காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் இறங்கும். நம் வீட்டு மாடி டேங்க் பைப்பில் ஏர் லாக் பிடித்தால் தண்ணீர் வராது அல்லவா, அதே கணக்கு. தண்ணீர் நின்றதும் பம்ப்பை அரை நிமிஷம் மட்டும் ஓடவிட்டு அணைத்துவிடு.

மாப்பிள்ளையின் கம்ப்ரசரால் காற்று அடிக்கலாம் என்றாய். அடிக்கலாம். ஆனால் டயருக்கு அடிக்கிற மாதிரி அடித்துவிடாதே. 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது, இணைப்புகள் கழன்றுவிடும். வெளித் தண்ணீர் இணைக்கும் வாயில் அதற்கான ப்ளக்கை மாட்டி, ஒரு நேரத்தில் ஒரு குழாயை மட்டும் திறந்து ஊது. டாய்லெட் டேங்க் கழுவுகிற தனி வாய் ஒன்று இருக்கிறது. பைப் உறையாமல் இருக்கக் கடைசியில் ஏற்றும் பிங்க் திரவம் அதற்குள் போகாது, அதைக் காற்றால் மட்டுமே காயவைக்க முடியும். அதை மறக்காதே.

இப்போது பிங்க் திரவம். பெட்டியில் புரோப்பிலீன் கிளைக்கால் என்று போட்டிருக்க வேண்டும். காருக்கு ஊற்றும் பச்சை நிறக் கூலண்ட் வேறு. அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும், அது விஷம், அதோடு இனிப்பும். பேத்தி இருக்கிற வீட்டில் அதைக் குடிதண்ணீர்ப் பைப்பில் ஏற்றவே கூடாது. பிங்க் டப்பாவில் மைனஸ் 50 என்று இருப்பது ஃபாரன்ஹீட். அந்த அளவு வரை பைப் வெடிக்காது என்பதுதான் அதன் பொருள். அதற்கு முன்பே கூழாகிவிடும், அதைப் பார்த்துப் பயப்படாதே. தண்ணீர் கலக்காமல் ஊற்று. மூன்று கேலன் வாங்கு.

ஊற்றுவதற்கு முன் கீசரின் பின்னால் இருக்கும் பைபாஸ், அதாவது கீசருக்குள் போகாமல் சுற்றிப் போகும் வழி. மூன்று வால்வு. ஓரத்து இரண்டையும் மூடு, நடுவில் உள்ளதைத் திற. இதை விட்டால் 6 கேலன் கீசர் நிரம்பிய பிறகுதான் குழாய்க்குத் திரவம் வரும், வாங்கியது போதாது. கீழே தொங்கும் இரண்டு மூடிகளையும் மாட்டு, எல்லாக் குழாய்களையும் மூடு. பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக் குழாயை டப்பாவுக்குள் விட்டு பம்ப்பைப் போடு. ஒவ்வொரு குழாயிலும் சுடுதண்ணீர்ப் பக்கம், பச்சைத் தண்ணீர்ப் பக்கம் தனித்தனியாகத் திற, நல்ல பிங்க் வரும்வரை. டாய்லெட் பெடலை மிதித்துப் பிடி. வெளி ஷவருக்குப் போய் அங்கேயும் செய். போன வருஷம் விட்டது அதைத்தான்.

பம்ப்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்ட பிறகு வெளித் தண்ணீர் வாயின் சல்லடையைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்ன வால்வை மெதுவாக அழுத்து. பிங்க் துப்பும். அந்த மூலையை நானும் முதலில் கவனிக்கவில்லை, படுத்துக்கொண்டு பைப் எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. பின் சிங்க், குளியலறைத் தரை, தண்ணீர் தங்கும் வளைவான எல்லா ட்ராப்பிலும் ஒரு டம்ளர் ஊற்று. டாய்லெட்டிலும் கொஞ்சம் ஊற்றி, டேங்க் வால்வின் ரப்பர் காயாமல் கொஞ்சம் உள்ளேயும் விடு.

வசந்தத்தில் திறப்பதற்கு இன்னொரு கடிதம் எழுதுகிறேன். திரவத்தை நன்றாக அலசிவிட்டு பிளீச் போட்டுக் கழுவ வேண்டும் என்பது மட்டும் இப்போதைக்குப் போதும்.

ஒருநாள் முழுக்க ஒதுக்கு, பகலில் செய், ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக்கொள். தண்ணீர் ஈரத்தோடு குளிரில் நிற்காதே, உனக்குச் சளி பிடித்தால் பேத்தியை யார் பார்ப்பது. அம்மா தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் பார்சல் போடுகிறாள், சுக்குப் பொடியும் வைத்திருக்கிறாள்.

வேலை முடிந்ததும் பம்ப் கிண்ணத்தையும் வெளி ஷவரையும் படம் எடுத்து அனுப்பு. அங்கே எத்தனை மணி என்று பார்க்காதே, உடனே அனுப்பு. நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா