பால் வீடுகள் இருக்கும் ஊரிலிருந்து

ஷத்தோ ஷினோன்,
அக்டோபர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? லீவு நாளில் ரூமிலேயே முடங்கிக் கிடக்காதே என்று சொன்னாய் அல்லவா, இப்போது கிடப்பதில்லை. நடக்கிறேன். அதைப் போனில் சொல்ல ஆரம்பித்தாலே பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம். அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

பாரீஸை விட்டு இந்த மொர்வான் மலைப்பகுதிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. மலை என்று பேர்தானே தவிர, ஆக உயரமான ஓ-ஃபொலன் சிகரமே 901 மீட்டர்தான். ஆனால் எந்தப் பக்கம் போனாலும் காடு, காட்டுக்குள் ஓடை, ஓடை போய் விழ ஒரு ஏரி. இங்கே இருக்கும் பெரிய ஏரிகளையெல்லாம் தொட்டுக்கொண்டு ஒரு நடைபாதை சுற்றி வருகிறது. சுமார் 220 கிலோமீட்டர். எனக்குக் கிடைப்பது வாரத்துக்கு ஒரு நாள். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணும் நானும் துண்டு துண்டாக நடந்து வருகிறோம்.

தொலைந்து போவோமா என்று பயப்படாதே. மரத்திலோ பாறையிலோ விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, அதன் கீழே ஒரு சிவப்புக் கோடு. அதைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். இரண்டும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போட்டிருந்தால் அது நம் வழி இல்லை. இவற்றைத் தீட்டுகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். முன்பின் தெரியாத ஒருத்திக்காக யாரோ டப்பாவும் பிரஷுமாக இந்தக் காட்டுக்குள் வந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்தால் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் நகரத் தோன்றுகிறது.

போன மாதம் மூடுபனியில் ஒரு பெருக்கல் குறியைக் கவனிக்காமல் தாண்டிவிட்டோம். ஒரு மணி நேரம் டக்ளஸ் மரங்களுக்குள்ளேயே நடை. அமெரிக்காவிலிருந்து வந்த ஊசியிலை மரம் அது. பலகைக்காக வரிசை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். அடியில் வெளிச்சமே இல்லை, புல் இல்லை, ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. எனக்கு அந்தத் தோப்புகள் பிடிக்கவே இல்லை. திரும்பி நடந்து பழைய பீச் மரக் காட்டுக்குள் வந்ததும்தான் மூச்சு வந்தது. இந்த மாதம் பீச் இலைகள் எல்லாம் செம்பு நிறம். ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன், உடையாமல் பாப்பாவிடம் கொடு.

அப்பாவுக்கு ஸெத்தோன் ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1858-இல் கட்டி முடித்த கல் அணை. பாசனத்துக்கும் இல்லை, குடிநீருக்கும் இல்லை, விறகுக்காகக் கட்டியது! பாரீஸ் அடுப்புகளுக்கு இந்தக் காட்டு விறகுதான் போனது. வெட்டிய கட்டைகளின் முனையில், சலவைக் குறி போடுவது போல, வியாபாரி தன் குறியைச் சுத்தியலால் அடிப்பார். பிறகு அப்படியே ஆற்றில் தள்ளிவிட்டு மதகைத் திறப்பார்கள். வெள்ளத்தோடு கட்டைகள் க்யூர் ஆற்றில் உருண்டு, யோன் ஆற்றுக்குப் போய், அங்கே தெப்பமாகக் கட்டப்பட்டு சேன் நதி வழியாகப் பாரீஸ் சேரும். மேட்டூரில் திறந்த தண்ணீர் நம் கடைமடைக்கு எப்போது வரும் என்று வாய்க்கால் கரையில் காத்து நிற்கும் அப்பாவுக்கு இது சட்டென்று புரியும். இன்றும் க்யூரில் அணையைத் திறந்து விடுகிறார்கள், படகு விளையாட்டுக்காக.

அப்புறம் அம்மா, இது உனக்கு. அலிஞி என்ற கிராமத்தில் பால்தாய்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்ப் பெண்கள் பாரீஸுக்குப் போய்ப் பணக்காரர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். தன் குழந்தையைப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்தச் சம்பளத்தில் ஊரில் எழுந்த வீடுகளுக்குப் 'பால் வீடு' என்றே பெயர். அதே காலத்தில் பாரீஸின் அநாதைக் குழந்தைகளை இங்கே அனுப்பி வளர்க்கவும் செய்தார்கள். பழைய கல்வீடுகளைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல்களை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். கூட வரும் பெண் ஒன்றும் கேட்பதில்லை. அவளுக்கும் ஊரில் ஒரு பையன்.

நான் கவனமாகத்தான் இருக்கிறேன். இது வேட்டைக் காலம், அதனால் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறச் சட்டை போடாமல் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்க்கிறேன். மாட்டுக்கு அப்பா பார்ப்பாரே, அதே மாதிரி.

பணம் திங்கட்கிழமை போட்டுவிடுகிறேன். பாப்பாவை ஒரு தாளின் மேல் நிற்க வைத்து இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து அனுப்பு. விசா சரியாகி ஜூலையில் அவள் வந்துவிட்டால் ஸெத்தோனைச் சுற்றிக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். சுமார் 15 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் கிடையாது. நடக்கிற ஷூ இங்கேயே வாங்கி வைக்கிறேன். வளர்கிற கால், ஒரு விரற்கடை கூடவே வரைந்துவிடு.

அன்புடன்,
உன் மகள்