‘அடுத்து’ பட்டனைக் கடிகாரம் திறக்கக் கூடாது: நெல் இணையப் பயிற்சிக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். டெல்டா களப்பணியாளர்களுக்கான உங்கள் பயிற்சியில், நெல் இலையின் பச்சை நிறத்தைப் பார்த்துத் தழைச்சத்துத் தேவையை அறியும் இலை வண்ண அட்டைப் பாடம் திருத்தப்பட்டு வந்திருக்கிறது. ஸ்லைடுக்குள் பொதிந்திருக்கும், 10 இலைகளை அட்டையோடு ஒப்பிடும் பயிற்சியைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், 90 விநாடியில் ‘அடுத்து’ பட்டன் தானாகத் திறக்கிறது. பட்டன் பூட்டியே கிடக்கிறது என்று வந்த புகார்களுக்கு நீங்கள் கண்ட தீர்வு இது. தயவுசெய்து இதை மாற்றுங்கள். பட்டனைத் திறக்க வேண்டியது உள்ளே இருக்கும் பயிற்சிதான்.

அந்தப் பாடத்தில் விட்டுப்போகக் கூடாதது எது என்று உங்களுக்குத் தெரியும். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, 10 செடிகளில் முழுதும் விரிந்த மேல் இலையை, உடம்பு நிழலில் வைத்து, இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு அட்டையில் எல்லை அளவு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் 6 இலையாவது அதற்குக் கீழே இருந்தால்தான் தழைச்சத்து மேலுரம். கண்ணளவில் யூரியாவை அள்ளிப் போட்டால் இலைச்சுருட்டுப் புழு வரும்; மழையில் சம்பா சாயும். இதைக் கைப்பழக்கமாக்கத்தான் அந்த 10 இலைகளை வைத்தீர்கள். போனைத் திண்ணையில் வைத்துவிட்டு 90 விநாடி கழித்து எடுப்பவருக்கும் இப்போது ‘முடித்தார்’ என்றே பதிவாகிறது.

பொறுப்பாகச் செய்பவர் படும் பாடு வேறு. திரையில் இலை மேலே இருக்கிறது, அட்டை கீழே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் இலையை விரலால் கீழே இழுக்கும்போது, பக்கத்தைப் புதுப்பிக்கும் சைகையாகவே பிரவுசர் அதை எடுத்துக்கொள்கிறது. பாடம் முழுவதும் மறுபடி ஏறுகிறது. ஏழாவது இலையில் இருந்தவர் முதல் இலைக்கு வந்துவிடுகிறார். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் நெட் இழுத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் அது மறுபடி ஏறி முடிக்கும்வரை காத்திருப்பது சாதாரணத் தண்டனை இல்லை. உழைத்துச் செய்கிறவரைத் தண்டித்து, சும்மா இருப்பவரைத் தேர்ச்சி பெறவைக்கும் பாடத்தை எந்த மனதோடு வெளியிட்டீர்கள்?

இழுக்கும் இலைக்கு, தொடுகையைப் பிரவுசர் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் ‘டச்-ஆக்‌ஷன்’ மதிப்பை ‘நன்’ (none, எதுவும் வேண்டாம்) என்று வைத்தால் பிரவுசர் அந்தச் சைகையில் தலையிடாது. அதைவிட நல்லது, இலையைத் தொட்டு, பிறகு அட்டையில் நிறத்தைத் தொடும் வழியையும் கொடுப்பது. இணையத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்க 2023இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 நெறிமுறையும் இழுத்தலுக்கு மாற்றுவழி கேட்கிறது.

பட்டன் முன்பு ஏன் பூட்டிக் கிடந்தது என்பதற்கு வருகிறோம். பயிற்சி வேறொரு டொமைனிலிருந்து (இணைய முகவரியிலிருந்து) ஐஃப்ரேமில், அதாவது பக்கத்துக்குள் இன்னொரு பக்கமாக, ஏறுகிறது. உள்ளிருந்து வெளிப் பாடத்தின் மாறியை (‘முடிந்தது’ போன்ற நிலையைக் குறித்துவைக்கும் இடத்தை) நேரடியாகத் தொட பிரவுசர் விடாது. ஒன்று, பயிற்சியின் கோப்புகளைப் பாடப் பொதிக்குள்ளேயே வையுங்கள். இல்லையென்றால், பத்தாவது இலை முடிந்ததும் போஸ்ட்மெசேஜ் என்ற பிரவுசர் வசதி வழியாகச் செய்தி அனுப்பி, வெளிப்பக்கம் அனுப்பிய டொமைனைச் சரிபார்த்த பிறகு ‘முடிந்தது’ மாறியை ‘உண்மை’ ஆக்கட்டும். மாறி மாறும்போது பட்டனைத் திறக்கும் டிரிக்கர் (தானாக இயங்கும் கட்டளை) ஒன்று மட்டும் போதாது. அந்த ஸ்லைடுக்குத் திரும்பி வருபவருக்கு மாறி ஏற்கெனவே ‘உண்மை’. புதிதாக எதுவும் மாறாது, பட்டன் பூட்டியே இருக்கும். பழைய புகார்களில் ஒரு பகுதி இதுதான். ஸ்லைடு தொடங்கும்போதே மாறியைப் பார்த்துத் திறக்கும் இரண்டாவது டிரிக்கர் வேண்டும். மற்ற ஸ்லைடுகளுக்குத் தாவ உதவும் பக்கவாட்டுப் பட்டியலையும் அதே மாறியோடு கட்டுங்கள். முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த நிலை இப்போது.

ஒவ்வொரு இலை முடிந்ததும் விடையைச் சேமித்து, அப்போதே சர்வருக்கு அனுப்புங்கள். பாடமும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஸ்கார்ம் 1.2 தரத்தில், விட்ட இடத்தைக் குறித்துவைக்கும் இடைநிறுத்தத் தரவுக்கு 4096 எழுத்துதான் இடம். பத்து இலைக்குப் பத்து இலக்கம் போதும். ஒவ்வொரு தொடுகையையும் எழுதி நிரப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாமல் போகும். பயிற்சி ஏறவே இல்லையென்றால் ‘மீண்டும் முயல்க’ என்று தமிழில் ஒரு வரியும், அதே இலைகளின் படங்களோடு எளிய வினாக்களும் வரட்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பூச்சி அடையாளம், விதைநேர்த்தி என்று எல்லாப் பாடங்களிலும் இதே கடிகாரம்தான் ஓடுகிறது. ‘அடுத்து’ அழுத்தியவர்களை எண்ணி, கற்றவர்கள் என்று அறிக்கை எழுதுகிறீர்கள். அந்த அறிக்கையை நம்பித்தான் இவர்கள் வயலுக்கு அனுப்பப்படுகிறார்கள். இவர்கள் சொல்லை நம்பித்தான் விவசாயி மூட்டையைப் பிரிக்கிறார்.

கடுமை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடத்தின் உள்ளடக்கம் நல்லது. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறோம். 90 விநாடிக் கணக்கை எடுத்துவிட்டு, பயிற்சி முடிந்த செய்தி வந்தால் மட்டும் ‘அடுத்து’ திறக்கும்படி செய்துதாருங்கள். ஒருமுறை திறந்தது பிறகு பூட்டிக்கொள்ளவும் கூடாது. வெளியிடும் முன் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றில், பாதியில் நெட்டைத் துண்டித்து, திரும்பி வந்து, பட்டியல் வழியாகத் தாண்டிப் பார்த்துச் சோதியுங்கள். சம்பா நடவு முடிந்து முதல் மேலுரத்துக்கு நாள் நெருங்கும் முன் திருத்திய பாடம் வந்துசேர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டெல்டா வட்டாரங்களில் இப்பயிற்சியை நடத்தித் தருவோர்