பீங்கானில் எதற்கு எழுத்து?

ஜிங்தேஜென்,
மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? என் சாப்பாட்டை நினைத்து அவர் கவலைப்பட வேண்டாம். சீனாவின் இந்த ஜியாங்சி மாகாணத்துக்காரர்கள் நம் அளவுக்கே மிளகாய் போடுகிறார்கள், சோறும் தாராளம். குளிர் மட்டும் ஈரத்தோடு வந்து எலும்பில் உட்கார்ந்துகொள்கிறது.

போன வாரம் நான் அனுப்பிய பீங்கான் பலகை போட்டோவைப் பார்த்துவிட்டு, "படம் சரி, அதுல எதுக்கும்மா இவ்வளவு எழுத்து?" என்று கேட்டீர்களே. போனில் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் பிடிக்கும். இங்கே தெருவிளக்குக் கம்பங்கள்கூட நீலப் பூப்போட்ட பீங்கான். ஒரு கிண்ணம் 72 கை மாறித்தான் முழுசாகும் என்று 1637-ல் வந்த ஒரு தொழில்நூல் கணக்குச் சொல்கிறது. அதில் ஒரு கை என் ஷிஃபு. வாத்தியாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவுட்லைன் போட்டுத் தருவது இன்னொருவர், நிறம் நிரப்புவது இவர். சுட்டால் நீலமாகும் கோபால்ட் பொடி கலந்த தண்ணீரைப் பருத்த பிரஷ்ஷில் நிறைய எடுத்து, நுனியில் தொங்கும் சொட்டை மட்டும் களிமண்மேல் ஓட்டிக்கொண்டே போவார். பிரஷ் முடி மண்ணில் படாது. சுடாத மண் நிறத்தை உடனே குடித்துவிடும், துடைத்துத் திருத்த வழியே இல்லை. நான் ஒரு மூங்கில் இலையின்மேல் இரண்டாம் தடவை போய்விட்டேன். சூளையிலிருந்து வந்தபோது அந்த இடம் கறுத்துத் திட்டாக இருந்தது.

இன்னொன்று, வரையும்போது நீலமே தெரியாது. கோபால்ட் சாம்பல் கறுப்பாக இருக்கும். மேலே கண்ணாடிப் பூச்சு ஏறியதும் படமும் மறைந்து வெறும் வெள்ளைக் கிண்ணமாகிவிடும். 1300 டிகிரி வாக்கில் வெந்து வெளியே வரும்போதுதான் நீலம். ஷிஃபு அந்த நிறத்தை மனதிலேயே பார்த்துக்கொண்டு வேலை செய்கிறார்.

அப்புறம் எழுத்து. சீனத்தில் கவிதை, கையெழுத்து, ஓவியம் மூன்றும் கூடப்பிறந்தவை. மூன்றுக்கும் ஒரே பிரஷ், ஒரே மை. காகிதத்தில் வரைந்த புலவர்கள் ஓரத்தில் நாலு வரி எழுதி, சிவப்பு முத்திரை குத்துவார்கள். பீங்கானுக்கு ஓவியம் வந்தபோது அவையும் கூடவே வந்துவிட்டன. காங்ஷி ராஜா காலத்துக் (1662–1722) கிண்ணங்கள் சிலவற்றில் ஒரு பக்கம் செம்பாறைக்கு அடியில் படகில் போகும் கவிஞர் சு ஷி. மறுபக்கம் அவர் 1082-ல் அந்தப் பயணத்தைப் பற்றி எழுதியது, எறும்புச் சாரையாக. நீங்கள் பார்த்தது போன்ற பலகைகளுக்குப் பெயர்போனவர்கள் இந்த ஊர் "ஜூஷான் எட்டு நண்பர்கள்". 1928-லிருந்து பௌர்ணமிதோறும் கூடிய ஓவியர்கள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடை போர்டில் வேலோடு முருகனை வரைந்து, பக்கத்திலேயே "முருகன் துணை" என்று எழுதினீர்களே, அப்பா. இரண்டையும் போட்டது ஒரே கைதான் என்று தூரத்திலிருந்தே தெரியும். இதுவும் அதேதான். ஃபிளெக்ஸ் வந்து உங்கள் பிரஷ்ஷை ஓரம் கட்டிய பிறகு அந்த போர்டு எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ராஜா வீட்டுப் பீங்கான் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கும் முந்திய தாங் வம்ச காலத்தில் சாங்ஷா ஊர்ப் பக்கத்துச் சூளைகளில் சந்தைக்காகச் செய்த ஜாடிகள். மூக்குக்குக் கீழே பழுப்பு நிறத்தில் கவிதை. ஒன்றில் பெயர் தெரியாத யாரோ எழுதியது:

நீ பிறந்தபோது நான் பிறக்கவில்லை,
நான் பிறந்தபோது உனக்கு வயதாகிவிட்டது.
நான் பிந்திப் பிறந்தேனென்று உனக்கு வருத்தம்,
நீ முந்திப் பிறந்தாயென்று எனக்கு வருத்தம்.

விலைக்குப் போகிற ஜாடியில் இதை எழுதி அனுப்பியிருக்கிறார்கள்! படித்த அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த மாதம் எனக்கென்று ஒரு கிண்ணம் தருவதாக ஷிஃபு சொல்லியிருக்கிறார். நம் வாசல் வேப்பமரத்தை வரையப்போகிறேன். இடது பக்கம் எழுத்துக்கு இடம் விடுவேன். உங்களுக்குப் பிடித்த ஒரு வரியை, பேனாவால் வேண்டாம், பழைய பிரஷ்ஷால் எழுதி போட்டோ அனுப்புங்கள். அதைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன். கோடு கொஞ்சம் தடிமனாகவே இருக்கட்டும், மெல்லிய கோடு சூளையில் மங்கிவிடும்.

உங்கள் மகள்,
செல்வி