அந்த மஞ்சள் பட்டையை உரித்தேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. "படகுக்குப் பெயின்ட் அடிக்காமல் வினைல் ஸ்டிக்கர் ஷீட் ஒட்டிவிடலாமா, ஆமாவா இல்லையா?" என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தாய். பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் வந்தது. போன வாரம்தான் எனக்கே ஒரு தெளிவு கிடைத்தது, அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சின்னவள் நீச்சல் பழகிவிட்டாள், அந்தக் கதையைத் தனியாக எழுதுகிறேன். உன் தோள்பட்டை எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை வழக்கம்போல "நாளையிலிருந்து" தானா?

சரி, படகுக்கு வருகிறேன்.

போன வாரம் அந்தப் பட்டையை உரித்தேன். எந்தப் பட்டை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நீயும் நானும் சோப்புத் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் ஸ்கேலால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினோமே, அதே மஞ்சள் வினைல் பட்டை. "ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடும்" என்று அன்றைக்கு நீ சொன்னாய். வரவில்லையடா. ஹீட் கன் காட்டினாலும் நகக்கண் அளவுக்குத் துண்டு துண்டாக உடைந்துதான் வந்தது. மூன்று சாயங்காலம் போயிற்று. கீழே தரையெல்லாம் மஞ்சள் செதில், கட்டைவிரல் முழுக்கப் பசை. அந்தப் பசையைக் கரைத்துத் துடைக்க இன்னொரு நாள்.

ஆனால் உரித்து முடித்துத் துடைத்ததும் கண்ணில் பட்டதைக் கேள். பட்டை இருந்த இடத்தில் படகு வாங்கிய அன்றைய நீலம் அப்படியே இருந்தது. ஆழமான நீலம், முகம் தெரிகிற பளபளப்பு. அதற்கு மேலும் கீழும் வெளிறிப்போன சாம்பல் நீலம். உள்ளங்கையால் தேய்த்தால் சாக்பீஸ் மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. ஒரு கை அகலப் பட்டைக்குள் உன் கேள்விக்கு இரண்டு பதிலும் இருந்தன. வெயிலில் இருந்து ஜெல்கோட்டை, அதாவது ஃபைபர் படகின் நிறமுள்ள மேல்பூச்சை, வினைல் அவ்வளவு நன்றாகக் காப்பாற்றியிருக்கிறது. அதே வினைலை வயது தாண்டி விட்டுவைத்தால் நம்மை இவ்வளவு வதைக்கிறது.

ஏன் செதில் செதிலாக வந்தது என்று விசாரித்துப் பார்த்தேன். வினைல் என்பது பிவிசிதான். பிவிசி தன் இயல்பில் விறைப்பான பொருள். அதை வளைகிற மாதிரி ஆக்க ஒரு மென்மையூட்டியைக் கலக்கிறார்கள். வெயிலிலும் சூட்டிலும் வருடக்கணக்கில் அந்த மென்மையூட்டி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடுகிறது. மிச்சம் நிற்பது விறைத்த பிவிசி, தொட்டால் உடைகிறது. அதோடு நாம் அன்றைக்கு வாங்கியது உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தகடாக்கிய மலிவு ரகம். அப்படி இழுத்துத் தட்டையாக்கிய ஷீட் மறுபடி சுருங்கத்தான் பார்க்கும். பட்டையின் ஓரமெல்லாம் உள்வாங்கி, விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு அழுக்கு பிடித்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? நீ சரியாக ஒட்டவில்லை என்று அத்தனை வருடம் உன்னைத் திட்டினேன். மன்னித்துக்கொள், அது சுருங்கியதால் வந்தது.

படகுக்கென்றால் வார்ப்பு ரகம்தான் வேண்டும். திரவமாக ஊற்றி, அடுப்பில் உலர்த்தி எடுக்கும் ஷீட் அது. உள்ளே இழுவிசை இல்லாததால் அணியத்தின், அதாவது படகின் முன்மூக்கின், வளைவில் ஒட்டினாலும் சொன்னபடி படியும். தடிமன் 0.05 மில்லிமீட்டர் அளவுதான். அதன் மேலே வெயிலைத் தாங்க ஒரு லேமினேஷன் படலம். நல்ல ரகம், நல்ல கை என்றால் பக்கச்சுவரில் ஐந்திலிருந்து ஏழு வருடம் வரும். மேலே வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பகுதிகளில் அவ்வளவு வராது. ஆகவே ஒட்டுவதற்கு நாள் பார்க்கும்போதே உரிப்பதற்கும் ஒரு நாளைக் குறித்துவைக்க வேண்டும். இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. ஐந்தாம் வருடம் உரித்தால் முழு ஷீட்டாக வரும். ஒன்பதாம் வருடம் உரித்தால் என் கட்டைவிரலைக் கேள்.

பெயின்ட் பக்கமும் யோசித்தேன். இரண்டு கலவை பாலியூரித்தேன் பெயின்ட் என்றால் வினைலை விடக் கூடுதல் காலம் நிற்கும், உண்மை. ஆனால் முழுப் படகையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, தூசி வராத இடத்தில் வைத்து அடிக்க வேண்டும். அந்தப் பெயின்டின் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அதை ஸ்பிரே செய்யும்போது சாதாரண முகமூடியோடு பக்கத்தில் நிற்கவே கூடாது, மூச்சுக்குழாயைப் பதம் பார்த்துவிடும். உனக்கு இருக்கிற வீசிங்குக்கு அந்த வேலையை நம் கையால் செய்வது என்ற பேச்சே வேண்டாம். வினைல் இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலை. எங்காவது கிழிந்தால் அந்த ஒரு பகுதியை மட்டும் மாற்றலாம். மாற்றிய துண்டு கொஞ்ச நாளைக்குப் புதுசு மாதிரி தனியாகத் தெரியும், அவ்வளவுதான். நிறம் அலுத்துவிட்டால் உரித்துவிட்டுப் பழைய நீலத்துக்கே திரும்பலாம். எனக்கு இந்தக் கடைசி விஷயம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

பயமுறுத்துவது தண்ணீர்தான். இப்போது படகு டிரெய்லரில் நிற்கிறது, இறக்குகிற அன்றைக்கு மட்டும் நனைகிறது. ஆனால் நீ அடுத்த வருடம் சீசன் முழுக்கத் துறையிலேயே கட்டிப் போடலாம் என்கிறாய். அப்படியானால் வினைல் நீர்மட்டக் கோட்டுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட வேண்டும். தண்ணீருக்குள் நாள்கணக்கில் ஊறினால் விளிம்பு தூக்கும், தூக்கிய இடத்தில் தண்ணீர் புகும், அப்புறம் ஓட்டத்தில் அதுவே கிழிந்துகொண்டு போகும். கீழே பாசி பிடிக்காத பெயின்ட்தான், அது வினைல் மேல் ஒழுங்காகப் பிடிக்காது. துறைச் சுவரில் மோதாமலிருக்கப் பக்கத்தில் தொங்கவிடும் ஃபெண்டர் நாள் முழுக்க உரசுகிற இடமும் தேய்ந்துவிடும். பெட்ரோல் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். பிரஷர் வாஷரை ஒரு அடி தள்ளிப் பிடிக்க வேண்டும், விளிம்புக்கு நேராகக் காட்டவே கூடாது. உன் மச்சான் கையில் அந்த மெஷினைக் கொடுக்காதே, அவ்வளவுதான் கேட்கிறேன்.

இனி நீ அனுப்பிய அந்த மேட் கறுப்புப் படகின் படம். அழகாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேண்டாம். கறுப்பு வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூட்டில் ஃபைபருக்குள் இருக்கும் துணியின் நெசவு மேலே தடம் பதிக்கும், வினைலும் சீக்கிரம் முதிர்ந்துவிடும். மேட் என்பதால் பாலிஷும் போட முடியாது. உப்புத் தண்ணீர் ஒவ்வொரு சொட்டாகக் காய்ந்து வெள்ளைப் புள்ளி வைக்கும்.

இவ்வளவும் யோசித்துவிட்டு, சரி ஒட்டிவிடலாம் என்று ஒருவரிடம் பேசியும் வைத்திருந்தேன். அவர் வந்து பார்த்தார். "மேலே தூசி தட்டிவிட்டு ஒட்டிடலாம் சார், எல்லாம் மறைஞ்சிடும்" என்றார். அந்த மறைஞ்சிடும் என்ற வார்த்தை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பொடி உதிர்கிற ஜெல்கோட்டில் ஒட்டினால் பசை பொடியைத்தான் பிடிக்கும், படகைப் பிடிக்காது. அதனால் முதலில் நானே கழுவி, பொடி போகத் தேய்த்து, மெழுகு போக ஆல்கஹால் போட்டுத் துடைத்தேன்.

அன்றைக்குப் பெரியவர் வந்திருந்தார். கண் இப்போது அவருக்கு ரொம்பக் குறைந்துவிட்டது, உனக்குத் தெரியும். வந்தவர் பேசிக்கொண்டே உள்ளங்கையால் படகைத் தடவிக்கொண்டு நடந்தார். பின்பக்கம் கயிறு கட்டும் கொண்டிக்குக் கீழே வந்ததும் கை நின்றது. விரல் நகத்தை வைத்து மெதுவாகக் குறுக்கே இழுத்தார். "இங்க என்னமோ தட்டுதுடா" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். மயிரிழை விரிசல்கள், கொண்டியின் போல்ட்டைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி. பொடி மூடியிருந்த வரைக்கும் என் கண்ணுக்கே தெரியவில்லை.

கொண்டியைக் கழற்றிப் பார்த்தால், உள்பக்கம் தாங்கு தகடே இல்லை. வெறும் வாஷர் மட்டும். அத்தனை வருடமும் கயிறு இழுக்க இழுக்க அந்த இடம் வளைந்து வளைந்து விரிசல் விட்டிருக்கிறது. அந்தக் கொண்டியில்தான் போன தடவை பெருங்காற்று அடித்தபோது படகை ராத்திரி முழுக்கக் கட்டி வைத்திருந்தோம், உன் பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நினைத்துப் பார். அந்த ஆள் சொன்னபடி ஒட்டியிருந்தால் அந்த விரிசல் பளபளப்புக்கு அடியில் ஐந்து வருடம் இருந்திருக்கும். வினைல் மேல் எனக்குக் கோபமில்லை. நமக்கு அதைப் பார்க்கும் வாய்ப்பே போயிருக்குமே என்றுதான்.

ஆகவே முடிவு பண்ணிவிட்டேன். கொண்டிக்கு உள்பக்கம் அகலமான தகடு வைத்தாகிவிட்டது. விரிசல்களைத் திறந்து ஜெல்கோட் பசை நிரப்பித் தேய்த்திருக்கிறேன், இன்னும் ஒரு தடவை தேய்க்க வேண்டும். அது முடிந்ததும் பக்கச்சுவர் இரண்டுக்கும் வார்ப்பு வினைல் ஒட்டலாம். வேறு ஆளைப் பார்த்துவிட்டேன். இவர் படகின் மேல் பிளேடு வைத்து வெட்டுவதில்லை, வெட்டும் நூல் உள்ள டேப்பைப் போட்டு அதை இழுத்துத்தான் வினைலை வெட்டுகிறார். விளிம்புகளை சீல் பண்ணியும் தருகிறார். பின்பக்கத்தையும் கொண்டிகளைச் சுற்றியும் ஒட்டப்போவதில்லை. அந்த இடங்களைப் பாலிஷ் போட்டு நீலமாகவே விட்டுவிடலாம், அங்கே எது வந்தாலும் பெரியவர் கைக்குத் தெரிய வேண்டும்.

வேலைக்கு வெயில் ஏறாத, காற்றில்லாத நாளாக வேண்டும், அதனால் அடுத்த மாதத்துக்குள் நீ வந்தால் நல்லது. தோள்பட்டையை வைத்துக்கொண்டு நீ எதையும் தேய்க்க வேண்டாம், ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்தால் போதும். நிறத்தை நீயே சொல், வெளிர் நிறமாக எது வேண்டுமானாலும். மஞ்சள் கேட்டாலும் சம்மதம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி