மைனாவையும் எழுதி வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில் தாவரவியல் பூங்காவில் எடுத்த இருவாச்சி படம் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. நல்ல படம், குறை சொல்லவில்லை. ஆனால் படம் எடுத்தவர் பூங்கா வாசலிலிருந்து அந்த மரம்வரை நடந்துதானே போயிருப்பார்? வழியில் எத்தனை மைனா, எத்தனை சிட்டு, எத்தனை மணிப்புறாவைத் தாண்டியிருப்பார்? அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தக் கடிதம் அவற்றுக்காக.

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 26 வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவள். மணிக்கொரு தடவை அடுப்பின் சூட்டைப் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். பெரும்பாலும் அதே எண்தான் வரும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "எதுக்குக்கா எழுதிக்கிட்டு, மாறவே இல்லியே" என்று சலித்துக்கொள்வார்கள். திடீரென்று ஒரு நாள் சரக்குத் திரும்பி வரும். எந்த வாரத்திலிருந்து சூடு இறங்கத் தொடங்கியது என்று அப்போது அந்தப் புத்தகம்தான் சொல்லும்.

இவ்வளவு தெரிந்தவள் வீட்டுக்கு வெளியே அதைச் செய்யவில்லை. ஆறேழு வருஷத்துக்கு முன், எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னால் இருந்த புதர்க்காட்டைத் தள்ளிவிட்டுக் கார் நிறுத்தும் இடம் கட்டப் போவதாகச் சொல்லி ஒரு கூட்டம் வைத்தார்கள். போனோம். "அங்கே நிறையப் பறவை இருக்கு சார்" என்றோம். வந்திருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: என்ன பறவை? எத்தனை? எந்த மாதத்தில்? பக்கத்து வீட்டு அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் காட்டைப் பார்த்தபடி இருபது வருஷம் துணி காயப்போட்டவள் நான். 'நிறைய' என்பதற்கு மேல் ஒரு சொல் என்னிடம் இல்லை. கணக்கு இருந்திருந்தால் காடு தப்பியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. வெறுங்கையோடு போய் உட்கார்ந்திருக்க மாட்டோம், அவ்வளவுதான்.

அடுத்த வாரமே ஒரு நோட்டு வாங்கினேன். முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது, மைனா என்று நான் இத்தனை காலம் சொல்லி வந்தது ஒரு பறவை இல்லை, இரண்டு. ஒன்று பழுப்பு உடம்பு. மஞ்சள் பூசிய மாதிரி கண்ணைச் சுற்றி வெறும் தோல் தெரியும். மற்றது கறுப்பும் சாம்பலும் கலந்தது. அலகுக்கு மேலே நெற்றியில் சின்னக் குடுமி, வாலுக்கு அடியில் வெள்ளை, மஞ்சள் தோல் கிடையாது. பின்னது ஜாவா மைனா, கூண்டுப் பறவையாக வந்து வெளியே பெருகியது. ஒட்டுக்கடை மேசையில் ரொட்டிச் சானாய்த் துணுக்குக்குச் சண்டை போடுவதில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் என் முதல் நோட்டில் பாதிக்குப் பாதி இருந்த பழுப்பு மைனா, இப்போது எழுதும் நோட்டில் குறைந்துகொண்டே போகிறது. சிங்கப்பூரில் ஜாவா மைனா எப்போதோ முந்திவிட்டது. என் தெருவில் அது நடப்பதை, எண்ணாமல் இருந்திருந்தால் கவனித்தே இருக்க மாட்டேன். மைனா மைனாதானே!

காக்கை கதை இன்னும் சுவாரசியம். நம் முன்னோரைப் போலவே அதுவும் காப்பித் தோட்டத்துக்காகக் கப்பலேறி வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், காப்பிச் செடியைத் தின்னும் புழுக்களை ஒழிக்க இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காக்கை தங்கிவிட்டது. அப்புறம் வந்தது குயில். பழைய பறவைக் குறிப்புகளில் குயில் இங்கே வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வந்து போகும் விருந்தாளி. இன்று காக்கைக் கூட்டில் முட்டையிட்டு இங்கேயே குடியேறிவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒரு காலத்தில் குயில் வெறும் விருந்தாளி என்று நமக்கு எப்படித் தெரியும்? அப்போது யாரோ மெனக்கெட்டுத் தேதி போட்டு எழுதி வைத்ததால்தான்.

பாராவ்-பாராவ் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பறவையை எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறீர்கள்? வைக்கோல் நிறத் தலை, ஆற்றோரத்தில் அருமையாகப் பாடும். ஒரு காலத்தில் நம் ஆற்றங்கரைகளில் சாதாரணமாகக் கேட்ட குரல். பாட்டுக்காகவே பிடித்துப் பிடித்துக் கூண்டில் அடைத்ததில், 2018இல் உலகப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ளவற்றோடு சேர்த்துவிட்டார்கள். அது மலிந்திருந்த காலத்தில் யாரும் அதை அபூர்வம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

செடிகொடிக்கும் இதே கதைதான். என் அம்மா செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கால்வாய் ஓரத்துப் பூண்டு ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பெயர் இருந்தது. குப்பைமேனி, கீழாநெல்லி, மூக்கிரட்டை, வெட்டுக்காயப் பூண்டு என்று நான் பாதியைப் பிடித்துக்கொண்டேன். மீதி அவரோடு போய்விட்டது. இப்போது கைப்பேசியில் படம் எடுத்து, செடி, பறவைப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் போட்டால், யாராவது பார்த்து லத்தீன் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். பல செடிகளுக்கு மலாய்ப் பெயரும் இருக்கும், தமிழ்ப் பெயர் இருக்காது. அதை நாமே சேர்க்கலாம்.

செய்முறை ஒன்றும் பெரிதில்லை. ஒரே தெரு, ஒரே நேரம், கால் மணி நேரம் போதும். தேதி, இடம், எண்ணிக்கை. எதுவும் வராத நாளில் 'இல்லை' என்று எழுதுவதுதான் கஷ்டம். அதையும் எழுத வேண்டும். அங்சானா பூத்த நாளைக் குறிப்பது எனக்குப் பிடித்த வேலை. காலையில் மரம் முழுக்க மஞ்சள், மறுநாள் அத்தனையும் தார் ரோட்டில். ஒரு நாள் ஊருக்குப் போயிருந்தால் போச்சு. ஒரே ஒரு எச்சரிக்கை: பாடும் பறவை கூடு கட்டியிருந்தால் இடத்தை வெளியில் சொல்லாதீர்கள், பிடிக்கிறவர்களும் படிப்பார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இருவாச்சிக்கு அரைப் பக்கம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் வாசகர்கள் தங்கள் தெருவில் எண்ணியதைப் போட நாலு விரல் அகலத்துக்கு ஒரு மூலை ஒதுக்க முடியுமா? படம் வேண்டாம். முதல் குறிப்பை நானே தருகிறேன்:

செவ்வாய், காலை 7.10 முதல் 7.25 வரை, ஆயர் ஈத்தாம், வீட்டுத் தெரு. மழை விட்டு அரை மணி நேரம். ஜாவா மைனா 14. பழுப்பு மைனா 3. மணிப்புறா 2. கன்னத்தில் கரும்புள்ளி வைத்த சிட்டு 9. குயில் 1, குரல் மட்டும். காக்கை எண்ணி முடியவில்லை. அங்சானா இன்னும் பூக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு