32 பிட் நிரலகங்களைக் கைவிடாதீர்கள்: லினக்ஸ் வழங்கல்களைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் வழங்கல்களின் (டிஸ்ட்ரோக்களின்) மென்பொருள் பொதிகளைப் பராமரித்துவரும் அன்பர்களுக்கு, வணக்கம்.

பழைய 32 பிட் நிரல்கள் ஓடத் தேவையான 32 பிட் நிரலகங்களை (லைப்ரரிகளை) அடியோடு நீக்கிவிடலாமா என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உங்களிடையே எழுகிறது. 2019 ஜூனில் உபுண்டு வழங்கல் அவ்வாறு அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் சில நாள்களிலேயே பின்வாங்கியது. 2025இல் ஃபெடோரா வழங்கலில் வந்த முன்மொழிவும் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த முறை முடிவெடுக்கும் முன் பழைய விளையாட்டுகளை ஆடுவோரின் தரப்பையும் கேட்க வேண்டுகிறேன்.

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். 2024 ஜனவரியில் வெளிவந்த வைன் 9.0, 32 பிட் லினக்ஸ் நிரலகங்கள் இல்லாமலே 32 பிட் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வழியைத் திறந்தது. அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் லினக்ஸுக்கென்றே உருவான விளையாட்டுகளுக்கு அதனால் பயனில்லை. 1998இல் தொடங்கி 2002இல் மூடப்பட்ட லோக்கி நிறுவனம் ‘சிவிலைசேஷன்: கால் டு பவர்’ போன்றவற்றை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. படம், ஒலி, விசை உள்ளீடு ஆகியவற்றைக் கையாள இன்று எண்ணற்ற விளையாட்டுகள் சார்ந்திருக்கும் எஸ்டிஎல் நிரலகத்தை உருவாக்கிய சாம் லாண்டிங்கா அங்கே பணியாற்றியவர். லினக்ஸில் விளையாட முடியும் என்று பலரும் நம்பாத நாளில் நம்பி உழைத்தவர்களின் ஆக்கங்கள், விண்டோஸ் பதிப்புகள் வைனில் ஓடிக்கொண்டிருக்க, லினக்ஸிலேயே முடங்கிக் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அண்மையில் அக்காலத்துக் குறுந்தகடு ஒன்றிலிருந்த லினக்ஸ் விளையாட்டைப் புதிய கணினியில் நிறுவி, முனையத்தில் அதன் பெயரைத் தட்டினேன். அப்படியொரு கோப்பே இல்லை என்று பதில் வந்தது. பட்டியலிட்டுப் பார்த்தால் கோப்பு இயக்க அனுமதியுடன் அங்கேயே இருந்தது. அதை நினைவகத்தில் ஏற்றவேண்டிய 32 பிட் ஏற்றிதான் கணினியில் இல்லை. நிரல்களுக்கு அடிப்படையான சி நிரலகம், திரையில் சாளரங்களைக் காட்ட உதவும் எக்ஸ்11, முப்பரிமாணப் படம் வரையும் மேசா ஆகியவற்றின் 32 பிட் பொதிகளை நிறுவியதும் படம் வந்தது, ஒலி வரவில்லை. பழைய ஓஎஸ்எஸ் முறையில் ஒலிச் சாதனத்தை நேரடியாகத் திறக்க முயலும் நிரலை இன்றைய ஒலிச் சேவையகத்தின் பக்கம் திருப்பிவிடும் இடைநிரலகமும் 32 பிட்டிலேயே இருந்தாக வேண்டும். அதையும் தேடிச் சேர்த்த பிறகே இசை கேட்டது.

உங்கள் சுமையை அறிவேன். உலாவி போன்ற பெரிய மென்பொருள்களைத் தொகுக்கையில் (கம்பைல் செய்கையில்) 32 பிட்டின் 4 ஜிபி முகவரி வரம்பு தடையாகிறது. அவற்றை 32 பிட்டில் யாரும் கேட்கவில்லை. டெபியன் 13 நல்ல வழி காட்டியிருக்கிறது: 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை நிறுத்திவிட்டு, 64 பிட் கணினியில் பழைய நிரல்களை ஓட்டுவதற்காகவே ஐ386 எனப்படும் 32 பிட் பொதிகளை வைத்திருக்கிறது.

சி நிரலகம், எக்ஸ்11, மேசா, எஸ்டிஎல், ஒலி நிரலகங்கள் ஆகிய இச்சிறு தொகுப்பையாவது காத்துத் தாருங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு என்னிடமுள்ள பழைய விளையாட்டுகளை அதில் ஓட்டிப் பார்த்து, பிழைகளை முறையாக அறிவிக்க நான் அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்,
பழைய விளையாட்டுகளை இன்றும் ஆடிவரும் ஒரு லினக்ஸ் பயனர்