ரஃப் ஸ்கெட்சில் இல்லாத சாலை: ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றியச் சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில், சாலை விபத்தில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்காக மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வாதாடி வரும் வழக்கறிஞன் நான். என் மேசைக்கு வரும் ஒவ்வொரு வழக்குக் கட்டிலும் ஏறக்குறைய ஒரே தாள்கள்தான் இருக்கும்: முதல் தகவல் அறிக்கை, சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜர், அந்த இடத்தைக் காவலர் கையால் வரைந்த ரஃப் ஸ்கெட்ச், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ், கடைசியாகக் குற்றப்பத்திரிகை. ஓட்டுநரின் பெயர், உரிமத்தின் எண், வண்டியின் பிரேக், இறந்தவரின் வயது, வருமானம் என எல்லாவற்றையும் விசாரிக்கும் இந்தத் தாள்களுள் எதுவும் சாலையை விசாரிப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் பக்கத்து முதல் தகவல் அறிக்கைகளில் ஒரு சொற்றொடர் தவறாமல் வரும்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து'. சம்பவம் நடந்தபோது மழை பெய்ததா, தெருவிளக்கு எரிந்ததா, வளைவில் எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்பதெல்லாம் எப்படியிருந்தாலும் இந்தச் சொற்றொடர் மாறாது. நிலையத்தில் உட்கார்ந்து எழுதுபவரை நான் குறைகூறவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 304-ஏ பிரிவுகள் கேட்டதும், இன்று அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106 பிரிவுகள் கேட்பதும் அந்தச் சொற்களைத்தான். அவை இல்லையென்றால் வழக்கே நிற்காது, வழக்கு நிற்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைப்பதும் சிக்கலாகிவிடும்.

ஆனால் அந்தச் சொற்றொடர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. மாநிலக் காவல் துறைகள் தரும் விவரங்களைக் கொண்டுதான் உங்கள் அமைச்சகம் ஆண்டுதோறும் இந்தியச் சாலை விபத்துகள் பற்றிய அறிக்கையைத் தொகுக்கிறது. 2022ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அந்த மரணங்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றுக்கு அதிவேகமே காரணம் என்று அதே அறிக்கையின் அட்டவணை சொல்கிறது. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்க் காவல் நிலையத்தின் எழுத்தர் மேசைதான் நினைவுக்கு வருகிறது. சட்டப்பிரிவுக்காக எழுதப்பட்ட ஒரு வாசகம், ஓராண்டு கழித்து டெல்லியில் விபத்துக்கான காரணமாக அச்சேறிவிடுகிறது. வேகமாக ஓட்டுவோர் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனை விபத்துகளில் வேகம் உண்மையிலேயே அளக்கப்பட்டது, எத்தனையில் ஊகிக்கப்பட்டது என்பதை அந்த அட்டவணையைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது என்பதே என் வாதம்.

ஒரு வழக்கைச் சொன்னால் இது விளங்கும். நூறு நாள் வேலை முடித்து, பேருந்தில் வந்து இறங்கிய ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, அந்தி மயங்கும் நேரத்தில் நான்கு வழிச் சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார். பேருந்து நிற்குமிடம் சாலைக்கு ஒரு பக்கம், ஊர் மறுபக்கம். சுரங்கப்பாதை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சென்டர் மீடியனில் ஓர் இடைவெளி இருந்ததால் ஊரே அதன் வழியாகத்தான் கடந்து வந்தது. ரஃப் ஸ்கெட்சில் வடக்கு தெற்காக இரண்டு கோடுகள், நடுவில் ஒரு பெருக்கல் குறி, ஓரத்தில் ஒரு புளியமரம், அவ்வளவுதான். பிறகொரு நாள் அதே அந்தி நேரத்தில் அங்கே போய் நின்று பார்த்தேன். மீடியனில் நட்டிருந்த அரளிச் செடிகள் என் நெற்றிக்கு மேல் வளர்ந்திருந்தன. இடைவெளியில் நின்றால், பத்தடி முன்னால் வந்தாலொழிய வருகிற வண்டி தெரியவில்லை. காரில் வருபவருக்கும் அரளிப் பூக்களுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பது தெரிய வழியே இல்லை. உயர்கோபுர விளக்கின் கம்பம் இருந்தது, விளக்கு எரியவில்லை.

தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பு கேட்ட கேள்வி ஒன்றுதான்: சுரங்கப்பாதை இருக்க, இவர் ஏன் சாலையின் குறுக்கே வந்தார்? இறந்தவர் மீதும் ஒரு பங்கு கவனக்குறைவு சுமத்தப்பட்டு, இழப்பீட்டில் அந்த அளவு கழிக்கப்பட்டது. ஓட்டுநர் மீது குற்ற வழக்கு நடந்தது. பேருந்து நிறுத்தத்தை அங்கே வைத்தவர், இடைவெளியை விட்டவர், செடியை வெட்டாதவர், விளக்கைப் பழுது பார்க்காதவர் ஆகிய யாருடைய பெயரும் எந்தத் தாளிலும் வரவில்லை. சில மாதங்கள் கழித்து அதே இடத்தில் இன்னொருவர் இறந்த பிறகு, ஒரு நகைக்கடையின் விளம்பரம் பூசிய இரண்டு இரும்புத் தடுப்புகள் மட்டும் வந்து நின்றன.

அமைச்சர் அவர்களே, இதை நீங்கள் அறியாதவர் அல்லர். 2024 டிசம்பரில் மக்களவையில், விபத்துகளைப் பாதியாகக் குறைக்க வைத்த இலக்கை எட்ட முடியாமல் எண்ணிக்கை கூடியே இருக்கிறது என்பதையும், சர்வதேச மாநாடுகளில் முகத்தை மறைத்துக்கொள்ளத் தோன்றுகிறது என்பதையும் உங்கள் துறையின் அமைச்சரே ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். தவறான விரிவான திட்ட அறிக்கைகளும் அவற்றைத் தயாரிக்கும் பொறியாளர்களும் ஆலோசகர்களுமே பெருங்காரணம் என்று 2025இல் பொது மேடையிலும் சொல்லப்பட்டது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் மேடையில் பொறியாளரைக் குறை சொல்லும் அமைச்சகம், அச்சிடும் அறிக்கையில் ஓட்டுநரைக் குறை சொல்கிறது. இரண்டில் எது உங்கள் துறையின் நிலைப்பாடு?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் மறுமொழி, காவல் துறையும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை என்பதாகும். உண்மைதான். ஆனால் தேசிய நெடுஞ்சாலைகள் அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 23ஆவது பதிவாகவும், மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் 35ஆவது பதிவாகவும் இருக்கின்றன. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில்தான், விரைவுச் சாலைகளையும் சேர்த்து, 2022இல் 61,038 பேர், அதாவது மொத்த மரணங்களில் 36 விழுக்காட்டினர், இறந்தார்கள். மற்ற சாலைகளைப் பற்றி மாநிலங்களிடம் பேசிக்கொள்வோம். இந்த 61,038 பேர் இறந்தது உங்கள் சாலையில்.

ரயில் விபத்து நடந்தால் என்ன செய்கிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். விசாரணை செய்வது ரயில்வே பாதுகாப்பு ஆணையம். அது ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, பயணிகள் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ரயிலை ஓட்டுபவரே ரயில் விபத்துக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற எளிய நியாயம்தான் அந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை. விசாரணை அதிகாரி நேரில் வருகிறார். விவரம் அறிந்தவர்கள் இன்ன நாளில் இன்ன இடத்துக்கு வந்து சாட்சியம் சொல்லலாம் என்று நாளிதழில் அறிவிப்பு வருகிறது. 2023 ஜூன் 2ஆம் தேதி பாலசோர் அருகே பஹனாகா பஜாரில் கோரமண்டல் விரைவு ரயில் கவிழ்ந்து ஏறத்தாழ 300 பேர் இறந்தபோது, பச்சை சிக்னல் பார்த்து வண்டியை ஓட்டிய லோகோ பைலட் மீது பழி போட்டு முடித்துவிடவில்லை. சிக்னல் சர்க்யூட்டில் செய்யப்பட்ட வயரிங் வேலை எங்கே பிழைத்தது, முன்பே தெரிந்திருக்க வேண்டிய பிழை ஏன் தெரியாமல் போனது என்பது வரை பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சென்றது. விமானங்களுக்கும் அப்படி ஒரு தனி விசாரணை அமைப்பு இருக்கிறது.

சாலையில் 2022இல் நாளொன்றுக்குச் சராசரியாக 462 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு வந்தவர், கையில் ஒரு அளவு நாடாவும் தாளுமாக ஓர் உதவி ஆய்வாளர். அவருக்கோ அடுத்து அமைச்சர் பந்தோபஸ்து, அதற்கடுத்து கோயில் திருவிழா. விபத்து விவரங்களைப் பதிய ஐ.ஐ.டி. மெட்ராஸின் பங்களிப்புடன் உருவான இ-டார் செயலி வந்த பிறகு சாலையின் தன்மையைப் பதிவதற்கும் இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பகுதியை நிரப்ப வேண்டியவர் அதே சாலையைப் பராமரிக்கும் துறையின் பொறியாளர். தன் கையெழுத்தில் தன் தவறை எழுதிக் கொடுக்கும் அதிகாரியை இருபதாண்டு வக்கீல் தொழிலில் நான் சந்தித்ததில்லை.

சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வகுக்கப்பட்ட தரத்தைப் பின்பற்றாமல் சாலையை வடிவமைத்தோ, கட்டியோ, பராமரித்தோ மரணத்துக்குக் காரணமானால், ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் பொறுப்பு உண்டு. அதற்குரிய தண்டனை அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம். கவனக்குறைவால் மரணம் விளைவித்த ஓட்டுநருக்கு ஐந்தாண்டு வரை சிறை. பல நூறு கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் ஒரு லட்சம் என்பது தேநீர்ச் செலவுக்கும் காணாது. அந்தத் தொகைக்காகவேனும் இந்தப் பிரிவின் கீழ் வழக்குப் பதிந்த ஒரு கோப்பு என் கைக்கு இதுவரை வந்ததில்லை. மரணத்துக்குச் சாலைதான் காரணம் என்று சொல்லும் ஆவணம் எதுவும் உருவாவதில்லை, பிறகு எதை வைத்து வழக்குப் பதிவார்கள்?

அதே திருத்தத்தின் 215-பி பிரிவு தேசியச் சாலைப் பாதுகாப்பு வாரியத்தைப் பற்றிச் சொல்கிறது. இப்படியோர் அமைப்பு வேண்டும் என்று எஸ். சுந்தர் தலைமையிலான குழு 2007இலேயே பரிந்துரைத்தது. சட்டம் வந்து, அறிவிக்கை வந்து, அதன் பிறகும் வாரியத்தை அமைப்பதற்கு உச்ச நீதிமன்றம் கெடு வைக்க வேண்டியிருந்தது. சாலைப் பாதுகாப்பில் பெரும்பாலானவை இப்படித்தான் நடந்திருக்கின்றன. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஓர் எலும்பு மருத்துவர் 2012இல் பொதுநல வழக்குத் தொடுத்த பிறகுதான், 2014இல் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் உச்ச நீதிமன்றக் குழு அமைந்து மாநிலங்களைக் கேள்வி கேட்கத் தொடங்கியது. விபத்தில் அடிபட்டவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தரும் 2025ஆம் ஆண்டுத் திட்டமும் நீதிமன்றம் வற்புறுத்திய பின்பே வந்தது. நல்ல திட்டம், நன்றி. ஆனால் அமைச்சரின் மேசையிலிருந்து தானாகப் புறப்பட வேண்டியவை ஏன் நீதிமன்றத்தின் வாசல் வழியாகவே வருகின்றன?

வாரியம் வெறும் ஆலோசனை மன்றமாக இருந்தால் போதாது என்பது என் கருத்து. தேசிய நெடுஞ்சாலையில் ஏற்படும் மரணங்களை, ரயில்வே பாதுகாப்பு ஆணையத்தைப் போல, உங்கள் அமைச்சகத்துக்கு வெளியே உள்ள ஒரு தனி அமைப்பு விசாரிக்க வேண்டும். எல்லா மரணங்களையும் விசாரிக்க ஆள் போதாது என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். சரி, ஒரே இடத்தில் இரண்டாவது மரணம் நிகழும் இடங்களில் மட்டுமாவது தொடங்குங்கள். இப்போதைய வரையறைப்படி, 500 மீட்டர் தொலைவுக்குள் மூன்றாண்டுகளில் ஐந்து கடும் விபத்துகளோ பத்து மரணங்களோ நடந்தால்தான் ஓர் இடம் 'பிளாக் ஸ்பாட்' ஆகிறது. நான்கு கடும் விபத்துகள் நடந்து, ஐந்தாவதற்காகக் காத்திருப்பது என்ன கணக்கு என்று எனக்குப் புரிந்ததேயில்லை.

அந்த விசாரணையில் சொல்லப்படுவதைக் குற்ற வழக்குக்குப் பயன்படுத்தாமல் தனியாக வைப்பதும் முக்கியம். ஓட்டுநரும் பொறியாளரும் சிறைக்கு அஞ்சினால் வாய் திறக்க மாட்டார்கள். என் தொழிலுக்கு இது கொஞ்சம் இழப்புதான், இருந்தாலும் சொல்கிறேன். அறிக்கைகள் அந்தந்த மாநிலத்தின் மொழியில், சாலையின் எண்ணும் கிலோமீட்டர் கல்லும் குறிப்பிட்டு, எவரும் படிக்கும்படி வெளியாக வேண்டும். பரிந்துரையை நிறைவேற்றாத அலுவலகம் ஏன் நிறைவேற்றவில்லை என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல், சாலை அமைப்பை வடிவமைப்பவருக்கே பாதுகாப்பின் இறுதிப் பொறுப்பு என்று கொள்கையாகவே ஏற்றது. அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 540 பேர் இறந்த அந்த நாட்டில் அண்மை ஆண்டுகளில் 250க்கும் குறைவானவர்களே இறக்கிறார்கள். சிறிய நாடு, பணக்கார நாடு, எல்லாம் சரி. ஆனால் பொறுப்பு யாருடையது என்று எழுதி வைக்கப் பணம் தேவையில்லை.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்க மாட்டேன். தலைக்கவசம் அணியாததால் மட்டும் 2022இல் 50,029 பேர் இறந்தனர். என் கட்சிக்காரர்களில் பாதிப்பேரின் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வருவார்கள். அதற்கு அபராதமும் வேண்டும், கண்டிப்பும் வேண்டும். தலைக்கவசம் போடாதவரைத் தண்டிக்கும் அதே சட்டப்புத்தகம், அரளியை வெட்டாதவரிடமும் ஒரு கேள்வியாவது கேட்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

அந்தப் பெண்மணியின் மகன் சென்ற வாரம் அலுவலகத்துக்கு வந்திருந்தார், மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்பதற்காக. அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இரும்புத் தடுப்புகளை யாரோ ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டார்கள், ஊர்க்காரர்கள் பழையபடி அதே வழியாகத்தான் கடக்கிறார்கள் என்றார். அந்த இடத்தின் சாலை எண்ணையும் கிலோமீட்டர் கல்லையும் உங்கள் அலுவலகத்துக்குத் தனியே பதிவஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது.

இப்படிக்கு,
விபத்து இழப்பீட்டு வழக்குகளில் வாதாடும் ஒரு வழக்கறிஞர்